நள்ளிரவில் பூட்டிய கதவு: யாரை அழைப்பது?

கடந்த டிசம்பர் விடுமுறை முடிந்து திருச்சியிலிருந்து திரும்பிய இரவு, சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் டாக்சி பிடித்து ஈசூனில் உள்ள எங்கள் புளோக்கை வந்தடைந்தபோது மணி ஒன்றே முக்கால். கைப்பையைத் துழாவியபோதுதான், வீட்டுச் சாவிக்கொத்து அக்கா வீட்டு அலமாரியிலேயே தங்கிவிட்டது நினைவுக்கு வந்தது. 75 வயது அம்மா பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகள் இருவரும் சுவரில் சாய்ந்து கண் அயரத் தொடங்கினர். நான் கைப்பேசியில் தேடி, முதலில் வந்த விளம்பரத்தின் எண்ணை அழைத்தேன். அடுத்த இரண்டரை மணி நேரத்தில் இரண்டு பூட்டுக்காரர்களுக்குப் பணம் கொடுத்தேன். ஒருவர்தான் கதவைத் திறந்தார். அதன்பின் உறவினர், அண்டை வீட்டார், அலுவலக நண்பர்கள் என்று பலரிடமும் விசாரித்து, இத்தகைய இரவில் எந்த வழி எதற்கு ஏற்றது என்று ஒப்பிட்டுப் பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

ஒப்பீட்டுக்கு இடமே இல்லாத நிலைமைகளை முதலில் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்குள் சிறு குழந்தை தனியே மாட்டிக்கொண்டிருந்தாலோ, முதியவர் விழுந்து எழ முடியாமல் கிடந்தாலோ, அடுப்பு எரிந்துகொண்டிருந்தாலோ, பூட்டுக்காரரைத் தேடி ஒரு நிமிடத்தையும் செலவிடக்கூடாது. உடனே 995ஐ அழைத்துக் குடிமைத் தற்காப்புப் படையிடம் சொல்ல வேண்டும். கதவுக்கு ஏற்படும் சேதத்தை அந்த நேரத்தில் கணக்குப் பார்க்கக்கூடாது. அதேபோல், நீங்கள் போடாத சங்கிலியும் பூட்டும் உங்கள் கேட்டில் தொங்கினால், அது கடன்முதலைகளின், அதாவது சட்டவிரோதமாகக் கடன் கொடுப்போரின், வேலையாக இருக்கக்கூடும். கடன் வாங்கியவர் வேறு யாரோவாக இருக்க, வீட்டு எண் மாறிப்போய்த் தொல்லைக்கு ஆளான குடும்பங்களும் உண்டு. சங்கிலியை வெட்டும் முன் படம் எடுத்துவிட்டுக் காவல்துறையை அழைப்பதே சரியான முறை.

மற்ற நேரங்களில், யாரை அழைப்பது என்ற கேள்விக்கு முன்னால் எந்தப் பூட்டு, எந்த நிலையில் இருக்கிறது என்ற கேள்வி வருகிறது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பெரும்பாலும் வெளியே இரும்புக் கேட்டும் உள்ளே மரக்கதவுமாக இரண்டு தடைகள் இருக்கின்றன. உருண்டைக் கைப்பிடி கொண்ட கதவு, சாவி உள்ளே இருக்கும்போது காற்றில் சாத்திக்கொண்டால், அதைத் தடுத்து நிற்பது வில் பொருத்திய ஒரு சிறு நாக்கு மட்டுமே. கதவுக்கும் நிலைச்சட்டத்துக்கும் இடையே மெல்லிய நெகிழித் தகட்டைச் செருகி அந்த நாக்கைப் பின்னுக்குத் தள்ளினால், தழும்பு இல்லாமல் சில நிமிடங்களில் கதவு திறந்துவிடும். சாவியைத் திருப்பிப் பூட்டிச் சென்றிருந்தால் அந்தத் தகடு பயன்படாது. அப்போது பூட்டில் சாவி நுழையும் உருளைக்குள் இருக்கும் ஊசிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி ஒரே வரிசைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குக் கைப்பழக்கமும் பொறுமையும் தேவை. மூன்றாவது வழி, உருளையைத் துளையிட்டு ஊசிகளை அழித்துவிடுவது. அது பெரும்பாலான பூட்டுகளுக்குப் பொருந்தும் என்றாலும், துளையிட்ட பின் பழைய உருளை பயன்படாது. புதியது வாங்கியே ஆக வேண்டும். சாவி உள்ளே முறிந்துபோன பூட்டுக்கும், மழைச்சாரலில் ஆண்டுக்கணக்காகத் துருவேறிய கேட் பூட்டுக்கும் துளையிடுதல் நியாயமாகவே தேவைப்படலாம். ஆனால், நல்ல நிலையில் உள்ள பூட்டைப் பார்த்த மாத்திரத்தில் துளைக்கருவியை எடுப்பவரிடம் ஏன் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

இனி என் இரண்டு அழைப்புகளைப் பக்கம் பக்கமாக வைக்கிறேன். முதல் எண்ணில் பேசியவர் முகவரியை மட்டும் கேட்டார். கட்டணம் எவ்வளவு என்றதற்கு, 30 வெள்ளியிலிருந்து (சிங்கப்பூர் டாலர்) தொடங்கும் என்றும், பூட்டைப் பார்த்த பிறகே மீதியைச் சொல்ல முடியும் என்றும் பதில் வந்தது. 35 நிமிடங்களில் ஓர் இளைஞர் வந்தார். வேகத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கேட்டின் பூட்டை ஒரு முறை பார்த்துவிட்டு, இதைத் துளைக்கத்தான் வேண்டும், புதுப் பூட்டுடன் 380 வெள்ளி ஆகும் என்றார். துளைக்காமல் திறக்க முயன்று பார்க்கலாமா என்று கேட்டேன். அந்த வகைப் பூட்டில் அது முடியாது என்றார். நான் மறுத்ததும், வந்துபோகும் செலவுக்கு 50 வெள்ளி கேட்டார். தொலைபேசியில் யாரும் அதைப் பற்றிச் சொல்லவில்லை என்றாலும், அந்த நேரத்தில் வாக்குவாதம் செய்யும் தெம்பு இல்லாமல் கொடுத்தனுப்பினேன்.

பிறகு மூத்த மகனை அம்மாவுக்குத் துணையாக விட்டுவிட்டு, இரண்டு புளோக் தள்ளி ஈரச்சந்தையை ஒட்டியிருக்கும் சாவி வெட்டும் கடைக்கு நடந்தேன். கடை மூடியிருந்தது, இழுகதவில் கைப்பேசி எண் எழுதியிருந்தது. மூன்றாவது முறை அழைத்தபோதுதான் கடைக்காரர், பேட்டையில் எல்லாரும் அங்கிள் என்று அழைக்கும் அந்தப் பெரியவர், தூக்கம் கலைந்த குரலில் பேசினார். அவர் கேட்ட கேள்விகளே எனக்கு நிம்மதியைத் தந்தன. கேட்டும் பூட்டியிருக்கிறதா, மரக்கதவு மட்டுமா? சாவி தொலைந்ததா, வேறெங்காவது பத்திரமாக இருக்கிறதா? பூட்டை நேராகவும் பக்கவாட்டிலும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப முடியுமா? படங்களைப் பார்த்த பிறகு, இரண்டையும் திறக்க 140 வெள்ளி என்றும், கேட் பூட்டைத் துளைக்க நேர்ந்தால் புதுப் பூட்டுக்கு மேலும் 60 வெள்ளி என்றும், துளைக்கும் முன் என்னிடம் சொல்வதாகவும் எழுதி அனுப்பினார். செம்பவாங்கிலிருந்து அவர் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. கேட்டுக்கு 20 நிமிடம், மரக்கதவுக்கு அதைவிடக் குறைவு, துளையே இல்லை, 140 வெள்ளிதான் வாங்கினார்.

இதை வைத்து, விளம்பர நிறுவனங்கள் எல்லாம் மோசம், பேட்டைக் கடைக்காரர்கள் எல்லாரும் நல்லவர்கள் என்று நான் முடிவு கட்டவில்லை. பொங்கோலில் இருக்கும் என் சித்தி மகள் இணையத்தில் தேடிப் பிடித்த நிறுவனம், படம் கேட்டு, முழுத்தொகை சொல்லி, சொன்னபடியே முடித்துக் கொடுத்தது. வேறுபாடு எங்கே இருக்கிறது என்றால், தொலைபேசியை எடுப்பவருக்குப் பூட்டு தெரியுமா என்பதில் இருக்கிறது. அழைப்பை எடுப்பவர் ஒருவர், வீட்டுக்கு வருபவர் இன்னொருவர் என்ற ஏற்பாட்டில், முதலாமவர் சொல்லும் தொகைக்கு இரண்டாமவர் கட்டுப்பட்டவராகத் தம்மை நினைப்பதில்லை. தனியாள் கடையில் விலை சொல்பவரே வேலையும் செய்கிறார். அடுத்த நாள் அதே சந்தையில் நம் முகத்தைப் பார்க்கவும் போகிறார். மறுபுறம், தனியாளுக்கு உள்ள குறைகளும் சிறியவையல்ல. அவர் ஆழ்ந்து தூங்கினால் கதை முடிந்தது. சீனப் புத்தாண்டு நாள்களில் அவரைப் போன்றோர் கடையை மூடிவிடுவதுண்டு. அப்போது பல ஊழியர்களை வைத்திருக்கும் நிறுவனமே கைகொடுக்கும். தனியாளின் பையில் இருக்கும் உதிரிப் பூட்டுகளும் சில வகைகள்தாம்.

இரவில் கூடுதல் கட்டணம் வாங்குவதைப் பலர் கொள்ளை என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அன்றிரவு நாங்கள் வந்த டாக்சியிலும், நள்ளிரவு முதல் காலை 5.59 வரை மீட்டர் கட்டணத்தின் மேல் 50 விழுக்காடு சேர்கிறது. முன்கூட்டியே தெரிந்திருப்பதால் அதை யாரும் தவறென்று சொல்வதில்லை. தூக்கத்தை விட்டு வருபவருக்கு அந்த மதிப்பைக் கொடுக்கத்தான் வேண்டும். இரண்டே நிமிடத்தில் திறந்துவிட்டாரே, இதற்கா இவ்வளவு என்று முணுமுணுப்பதும் சரியன்று. அந்த இரண்டு நிமிடத்துக்குப் பின்னால் பல ஆண்டுப் பழக்கம் இருக்கிறது. அவர் துளையிட்டு அரை மணி நேரம் எடுத்திருந்தால் நமக்குத்தான் இழப்பு. வருத்தப்பட வேண்டியது, கதவருகே வந்த பிறகு தொகை மாறுவதைப் பற்றித்தான்.

ஆகவே, யாரை அழைத்தாலும், புறப்படும் முன்பே அவரிடம் எழுத்தில் வாங்க வேண்டியவை சில உண்டு. துளைக்காமல் திறந்தால் மொத்தம் எவ்வளவு, துளைத்தால் எவ்வளவு, திறக்க முடியாமலோ நாம் மறுத்தோ திரும்பிப் போனால் எவ்வளவு ஆகிய மூன்று தொகைகளையும் வாட்ஸ்அப்பில் கேளுங்கள். பொருள் சேவை வரிக்குப் பதிவு செய்த வணிகர் வாடிக்கையாளரிடம் சொல்லும் விலையில் 9 விழுக்காடு வரியும் அடங்கியிருக்க வேண்டும். கடைசியில் அதைத் தனியாகக் கூட்டுவது முறையன்று. வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்பும் பேநவ் வழியாகச் செலுத்தி ரசீது கேட்பது இன்னொரு பாதுகாப்பு. தகராறு முற்றினால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். சிறு கோரல் நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறது. என் 50 வெள்ளிக்காக நான் எங்கும் போகவில்லை. ஆனால் 380 வெள்ளி கொடுத்திருந்தால் போயிருப்பேன். அப்போது கையில் ஒரு வரி எழுத்துகூட இருந்திருக்காது.

இரவில் புதுப் பூட்டு வாங்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தொகை ஏறுவது பெரும்பாலும் அங்கேதான். சேதமில்லாமல் திறந்த பூட்டை மாற்ற வேண்டிய அவசியம் இல்லை. என் சாவி திருச்சியில் பத்திரமாக இருந்தது. பழைய பூட்டே போதும். சாவியோடு முகவரி உள்ள அடையாள அட்டையும் சேர்ந்து தொலைந்திருந்தால் மட்டுமே அன்றிரவே மாற்றுவதில் பொருள் உண்டு. மரக்கதவின் உருளையைத் துளைத்துவிட்டாலும், கேட்டின் பூட்டு நன்றாக இருந்தால், வீட்டிலுள்ள உதிரிச் சாவியால் கேட்டைப் பூட்டிக்கொண்டு தூங்கி, காலையில் நிதானமாக நல்ல உருளை வாங்கலாம்.

வருபவர் நம்மிடம் அடையாளம் கேட்கிறாரா என்பதையும் நான் ஓர் அளவுகோலாக வைக்கிறேன். முதலில் வந்தவர் கேட்கவில்லை. அங்கிள் கருவிப்பையைத் திறக்கும் முன், அரசாங்கத்தின் சிங்பாஸ் செயலியில் உள்ள மின்னிலக்க அடையாள அட்டையைக் காட்டச் சொல்லி முகவரியைச் சரிபார்த்தார். அம்மாவுக்கு முகம் சற்றுச் சுருங்கியது. ஆனால் யார் வீட்டையும் யாருக்கும் திறந்துவிடாத ஒருவரிடம்தானே நம் கதவை ஒப்படைக்க வேண்டும்? வாடகை வீட்டில் இருப்பவர்கள் வாடகை ஒப்பந்தத்தின் நகலைக் கைப்பேசியிலேயே வைத்திருப்பது நல்லது. கொண்டோமினியத்தில் குடியிருப்போர் காவலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பூட்டுக்காரர் நுழைவாயிலில் காத்திருக்க வேண்டியதில்லை.

மின்னிலக்கப் பூட்டு வைத்திருப்போருக்கு இந்த ஒப்பீடு தலைகீழாகிறது. அங்கே முதலில் அழைக்க வேண்டியவர் பூட்டுக்காரரே அல்லர். பெரும்பாலான சமயங்களில் பிரச்சினை, உள்ளே இருக்கும் ஏஏ பேட்டரிகள் தீர்ந்துபோனதுதான். பூட்டு பல நாள்களாக ஒலியெழுப்பி எச்சரித்தும் நாம் கவனித்திருக்க மாட்டோம். பல பூட்டுகளில் வெளிப்பக்கத்தின் அடியில் இரு சிறு உலோக முனைகள் இருக்கும். 24 மணி நேரக் கடையில் 9 வோல்ட் பேட்டரி கிடைத்தால், அதை அந்த முனைகளில் அழுத்திப் பிடித்தபடி கடவு எண்ணைப் போட்டுத் திறக்கலாம். புதிய வகைகள் சிலவற்றில் அதற்குப் பதிலாக யுஎஸ்பி துளை இருக்கும். அதுவும் பலிக்காவிட்டால் விற்றவரின் சேவை எண்ணை அழைப்பதே நல்லது, ஏனென்றால் வெளியாள் துளைத்தால் உத்தரவாதம் போய்விடக்கூடும். எல்லா விற்பனையாளர்களும் இரவில் ஆள் அனுப்புவதில்லை. வாங்கும்போதே இதைக் கேட்டிருக்க வேண்டும். இன்னொன்று: மின்னிலக்கப் பூட்டோடு தரப்படும் சாதாரணச் சாவியைப் பலர் வீட்டுக்குள் இருக்கும் இழுப்பறையிலேயே போட்டு வைக்கிறார்கள். சில வீவக வீடுகளின் வாசற்கதவு, தீயை அரை மணி நேரம் தடுக்கும் தரச்சான்று பெற்றது. அதில் விருப்பப்படி புதுத் துளையிட்டால் அந்தத் தரம் கெட்டுவிடும் என்பதால், துளைப்பவரிடம் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

கடைசியாக, யாரையும் அழைக்காமல் விடியும்வரை காத்திருக்கும் வழி. தனியாள், கையில் கைப்பேசி, போக ஒரு நண்பர் வீடு என்று இருந்தால், இதுவே மலிவானது; காலை ஒன்பதரை மணிக்கு அதே கடைக்காரர் பகல் கட்டணத்தில் வருவார். அம்மாவோடும் தூங்கும் பிள்ளைகளோடும் இருந்த எனக்கு அது பொருந்தவில்லை. உறவினர் வீட்டுக்குப் போகவர டாக்சிச் செலவையும் அவர்களை எழுப்பும் சங்கடத்தையும் சேர்த்தால், 140 வெள்ளி எனக்கு அதிகமாகத் தோன்றவில்லை.

மறுநாள் மாலை அங்கிளின் கடைக்குப் போய், வீட்டில் இருந்த உதிரிச் சாவிகளைக் கொடுத்துக் கேட்டுக்கும் கதவுக்கும் இன்னொரு சோடி வெட்டிக்கொண்டேன். அதை எதிர்வீட்டு மக்சிக்கிடம் (மலாய் அத்தையிடம்) கொடுத்தபோது, அன்றிரவு சத்தம் கேட்டும் யாரென்று தெரியாமல் கதவைத் திறக்கத் தயங்கியதாகச் சொல்லி அவர் வருந்தினார். அம்மாவின் கைப்பேசியிலும் அங்கிளின் எண்ணைப் பதிந்து, சாவிக்கடை என்று பெரிய எழுத்தில் பெயரிட்டிருக்கிறேன்.