கொன்ட்ராபான்ட் என்று தட்டினேன்: ஓர் அகராதிச் செயலி பற்றி

திருகோணமலை நீதிமன்றத்துக்குக் கிட்ட ஒரு சின்ன அறையில் இருபது வருடமாக மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, பொலிஸ் முறைப்பாடு, விசாவுக்கான கடிதம் என்று எது வந்தாலும் மாற்றி, முத்திரை குத்திக் கொடுப்பேன். மேசையில் கிடந்த தடித்த அகராதிகள் இரண்டும் முதுகு பிய்ந்து போயின. அதனால்தான் போன வருடம் ஓர் அகராதிச் செயலிக்கு 1,900 ரூபா கட்டினேன். பெயர் வேண்டாம். ஆங்கிலம், தமிழ், சிங்களம் மூன்றையும் ஒரே திரையில் காட்டுகிற செயலிகள் நாலைந்து இருக்கின்றன, அதில் ஒன்று.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இணையம் இல்லாவிட்டாலும் திறக்கும். மழைக்குக் கரண்டும் சிக்னலும் சேர்ந்து போகிற ஊரில் அது பெரிய காரியம். எழுத்தைப் பெரிதாக்கலாம், கண்ணாடியை வீட்டில் மறந்த நாளில் கைகொடுத்தது. காணிச் சொற்கள் ஓரளவு சரி.

சிக்கல் ஒரே ஒரு சொல்லில் பிடிபட்டது.

மார்கழி, அடைமழை. கப்பலில் வேலை செய்பவரின் மனைவி ஒருவர், ஒரு கடிதத்தைப் பொலித்தீன் பைக்குள் சுற்றிக்கொண்டு வந்தார். கணவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டதாக முகவர் அனுப்பிய ஆங்கிலக் கடிதம் அது. அவருடைய அறையில் 'கொன்ட்ராபான்ட்' கண்டெடுக்கப்பட்டதாம். நான் வாசித்து முடிக்கும் முன்னரே அவர் தன் போனை நீட்டினார்.

"அக்கா, இதில திருட்டுப் பொருள் எண்டு போட்டிருக்கு."

அதே செயலிதான், இலவசப் பதிப்பு. நான் காசு கட்டிய பதிப்பைத் திறந்து பார்த்தேன். ஆறு சொற்கள், கமா போட்டு ஒரே வரியில்: கள்ளப் பொருள், திருட்டுப் பொருள், கடத்தல், கள்ளச்சாராயம், போதைப்பொருள், சட்டவிரோதம். எது எங்கே பொருந்தும் என்று ஒரு வார்த்தை இல்லை.

"இவர் ஆரின்ர சாமானிலயும் கை வைக்கமாட்டார் அக்கா. பதினெட்டு வருசமா கப்பலில நிக்கிறவர்."

"களவு இல்லைப் பிள்ளை, பொறுங்கோ. அடுத்த பக்கத்தைப் பாப்பம்."

அடுத்த பக்கத்தில் விஷயம் இருந்தது. கட்டிலுக்குக் கீழே பன்னிரண்டு கார்ட்டன் சிகரெட். எல்லாம் காசு கொடுத்து வாங்கியவை, ஆனால் துறைமுகத்தில் சுங்கத்துக்குக் காட்டவில்லை. அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. பிறகு கணவர் மேல் கோபம் வந்தது, அது வேறு கதை. 'தடைசெய்யப்பட்ட பொருள், அதாவது சுங்கத்துக்கு அறிவிக்காமல் வைத்திருந்த சிகரெட்' என்று எழுதிக் கொடுத்தேன்.

இத்தாலிய மொழியில் 'பன்டோ' என்றால் அரச அறிவித்தல். அதை மீறியது 'கொன்ட்ராபன்டோ'. யாருடைய சொத்து என்ற கேள்வியே அந்தச் சொல்லில் இல்லை. 2020இல் மஞ்சள் இறக்குமதி தடைப்பட்டிருந்தபோது என்ன நடந்தது? கறிக்குப் போடுகிற மஞ்சள் இந்தியாவிலிருந்து மூட்டை மூட்டையாகக் கடலால் வந்து பிடிபட்டது. திருட்டு மஞ்சள் என்று யாராவது சொன்னோமா? கடத்தல் மஞ்சள் என்றோம். சாமான் நல்லது, வந்த வழிதான் கள்ளம். கள்ளச்சாராயம் அதற்கு நேர் எதிர். கசிப்பு இங்கேயே காட்டுக்குள் காய்ச்சுவது, கடல் தாண்டி வருவதில்லை. அதற்குப் பின்னால் ஓடுவது பொலிசும் மதுவரிக்காரரும். இந்த வித்தியாசம் நீதிமன்ற வாசலில் பிளேன்ரீ விற்கிற பொடியனுக்கும் தெரியும்.

'கடத்தல்' என்று மொட்டையாகப் போட்டது இன்னும் மோசம். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லைக் கேட்டால் முதலில் நினைவுக்கு வருவது ஆட்கடத்தலும், ஆட்களைத் தூக்கிக்கொண்டு போன வெள்ளை வான் வண்டியும்தான். 'கடத்தல் பொருள்' என்று முழுதாக எழுத மூன்று எழுத்துத்தானே கூட?

வெளியில் குற்றமே இல்லாத சாமான் சிறைச்சாலைக்குள் போனால் இதே பெயர் பெறும், கைபேசி மாதிரி. செயலி அதைத் தொடவே இல்லை. சரி, விடுவோம். ஆனால் அந்தச் சொல்லின் போர்க்கால அர்த்தத்தை விட்டதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. 1856இன் பாரிஸ் பிரகடனத்திலேயே 'போர்த் தடைப்பொருள்' இருக்கிறது: நடுநிலை நாட்டுக் கப்பலில் போகும் எதிரியின் சரக்கைப் பிடிக்கக் கூடாது, இது ஒன்றைத் தவிர. 1909இல் லண்டனில் அதற்கு மூன்று பட்டியலே போட்டார்கள்: எப்போதும் தடை, எதிரிப் படைக்குப் போனால் தடை, ஒருபோதும் தடையில்லை. எங்களுக்கு இதை விளக்க லண்டன் தேவையில்லை. 1990களில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள், சீமெந்து, உரம், பற்றரி எதையும் போகவிடவில்லை. பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது, அம்மா வறுத்த மா டின்னுக்குள் இரண்டு பென்டோர்ச் பற்றரியைப் புதைத்துக் கொடுத்தா. மேலே மாவைத் தட்டிச் சமப்படுத்தி, கை அடையாளம் தெரியாமல் ஒரு கரண்டியால் கோடு இழுத்துவிட்டா. அங்கே சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் ரேடியோ கேட்டார்கள். அந்தப் பற்றரியைப் போதைப்பொருள் என்றா எழுதுவது?

இந்தச் சொல் ஆட்களையும் விட்டுவைக்கவில்லை. 1861இல், அமெரிக்க உள்நாட்டுப் போரில், வர்ஜீனியாவின் மன்றோ கோட்டைக்குத் தப்பி வந்த அடிமைகளைத் திருப்பிக் கொடுக்க மறுத்த ஜெனரல் பட்லர், அவர்களைப் போர்த் தடைப்பொருள் என்று சொல்லித்தான் வைத்துக்கொண்டார். அதன் பிறகு அப்படித் தப்பி வந்தவர்களுக்கு அதுவே பெயராயிற்று. இங்கே எங்களுக்குக் கள்ளத்தோணி. தோணிக்கு வைத்த பெயர் மலையகத் தமிழர் மேல் வசையாக ஒட்டிக்கொண்டது. அதையும் செயலியில் தட்டிப் பார்த்தேன். 'சட்டவிரோதப் படகு' என்று வந்தது. வசைச்சொல் என்று ஒரு குறிப்புக்கூட இல்லை. நாளைக்கு ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை இதை நம்பிக் கட்டுரை எழுதினால் யார் பொறுப்பு?

சிங்களப் பத்தியைச் செய்தவர் வேலை தெரிந்தவர். கொன்ட்ராபான்டுக்கு நேரே 'தஹனம் பாண்ட' என்று ஒன்றே ஒன்று. தடைசெய்யப்பட்ட பொருள், அவ்வளவுதான். தமிழ்ப் பத்தியை எங்கிருந்தோ அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள். தமிழுக்கு மட்டும் ஏன் எப்போதும் இப்படி என்று கேட்டுக் கேட்டு எனக்கும் அலுத்துவிட்டது.

செயலிக்குள் 'திருத்தம் அனுப்புக' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினேன், மஞ்சள் உதாரணம் உட்பட. 'உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்' என்று அந்த நிமிடமே பதில். இரண்டு மாதம் கழித்துத் திறந்து பார்த்தால் உண்மையிலேயே மாற்றியிருந்தார்கள்: இரண்டாவதாக இருந்த 'திருட்டுப் பொருள்' முதலாவது இடத்துக்கு வந்திருந்தது.

சித்திரையில் சந்தா முடிகிறது, புதுப்பிக்கிற எண்ணம் இல்லை. ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். ஒன்று சிங்களப் பத்திக்கு, மற்றது கரண்ட் இல்லாத நேரத்திலும் திறந்ததற்கு.