டிஎம்டி ரிப்போர்ட்டில் யாரும் விளக்காத வரி

கோவையில் வயதானவர்களுக்கு முழு உடல் பரிசோதனை செய்வது இப்போது சிரமமே இல்லை. ரத்தம், எக்கோ, டிஎம்டி (டிரெட்மில்லில் நடக்கவைத்து ஈசிஜி பார்க்கும் இதயச் சோதனை) எல்லாம் ஒரே கட்டிடத்தில் மதியத்துக்குள் முடிந்துவிடுகிறது. டொராண்டோவிலிருந்து விடுமுறைக்குப் போயிருந்தபோது 73 வயது அப்பாவை அப்படி ஒரு மையத்துக்கு அழைத்துப் போனேன். சுத்தம், வேகம், பணியாளர்களின் கனிவு எதிலும் குறை சொல்ல முடியாது. ரிப்போர்ட்டை விளக்கியதில்தான் எனக்கு மனக்குறை.

டிஎம்டியை புரூஸ் முறையில் செய்தார்கள். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். முதல் கட்டத்திலேயே 10 சதவீத ஏற்றம். ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் சமதளமாக நடந்து பழகியவர் அப்பா. கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். விடச் சொல்லி யாரும் சொல்லவில்லை. ஆறாவது நிமிடம் முடியும்போது இதயத்துடிப்பு 125-ஐத் தொட்டது, நிறுத்திவிட்டார்கள். 220-இல் வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு 147, அதில் 85 சதவீதம் என்ற கணக்கு அது.

"டிஎம்டி நெகட்டிவ், ஒண்ணும் பயமில்லைங்க ஐயா" என்றார் டாக்டர். பெரிய நிம்மதி. ஆனால் அதே தாளில் '7 மெட்ஸ்' என்றும் இருந்தது. கேட்டதற்கு "நார்மல்தாங்க" என்று முடித்துக்கொண்டார்.

ஒரு மெட் என்பது சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆக்சிஜன்: கிலோவுக்கு நிமிடத்துக்கு 3.5 மில்லி. அமெரிக்காவில் ஆறாயிரத்துக்கும் அதிகமான ஆண்களைத் தொடர்ந்து கவனித்து 2002-இல் வெளியான ஆய்வில், உழைப்புத் திறன் ஒரு மெட் கூடினாலே உயிர்வாழும் வாய்ப்பு 12 சதவீதம் மேம்பட்டிருந்தது. இவ்வளவு சொல்லும் எண்ணை ஒற்றை வார்த்தையில் கடந்துபோவது நியாயமில்லை.

அதே சமயம் அதை அப்படியே நம்பவும் கூடாது. இந்தச் சோதனையில் ஆக்சிஜனை யாரும் அளப்பதில்லை. பெல்ட்டின் வேகத்தையும் சாய்வையும் வைத்து மெஷின் போடும் கணக்குதான். கைப்பிடியில் பாரத்தைப் போட்டால் கால்களுக்கு வேலை குறையும், எண் மட்டும் கூடுதலாகக் காட்டும். இன்னொரு பக்கம், 125-இல் நிறுத்தியதால் அப்பாவின் உச்சம் தெரியாமலே போனது. 208-இல் வயதின் 0.7 மடங்கைக் கழிக்கும் புதிய சூத்திரப்படி அவருடைய உச்சத் துடிப்பு 147 அல்ல, 157.

அப்புறம் ஒரு பிசியோதெரபி மையத்தில் ஆறு நிமிட நடைச் சோதனை செய்தோம். 30 மீட்டர் நடைக்கூடம், இரண்டு முனையிலும் கூம்பு, ஒரு ஸ்டாப்வாட்ச், அவ்வளவுதான். "மூச்சு வாங்குச்சுன்னா நின்னுக்கலாங்க ஐயா, ஆனா நேரம் ஓடிட்டேதான் இருக்கும்" என்று சோதனை செய்த பெண் முன்கூட்டியே சொன்னார். அப்பா 440 மீட்டர் நடந்தார். வயது, உயரம், எடை வைத்து எதிர்பார்க்கும் தூரத்தைச் சொல்லும் சூத்திரங்களில் பல வெளிநாட்டவரை அளந்து எழுதியவை, அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம் என்றார். அடுத்த முறை இதே 440-உடன் ஒப்பிட்டு, 30 மீட்டருக்கு மேல் மாறினால் கவனிக்கலாமாம். எனக்கு மிகவும் பிடித்த விளக்கம் அதுதான்.

ஊருக்குப் போகிறவர்கள் டிஎம்டியின் முழுத் தாளையும் கேட்டு வாங்குங்கள். எத்தனை நிமிடம், எதனால் நிறுத்தினார்கள், கைப்பிடியைப் பிடித்தாரா என்று குறித்துக்கொள்ளுங்கள். அம்மாவோ அப்பாவோ இதயத்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவரானால் துடிப்பு அந்த 85 சதவீத இலக்கை எட்டாமலே போகலாம். அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.