பில்லில் றீபோர், உள்ளே பழைய பிஸ்டன்

தோட்டத்துக்கு இறைக்கிற மிசின் வைத்திருப்பவர்கள், பழைய மோட்டார் சைக்கிளை இன்னும் விடாமல் ஓடுபவர்கள் இதை ஒருக்கா வாசியுங்கள். எஞ்சினைக் கராச்சில் இறக்கி, "போர் அடிச்சுத் தாங்கோ", அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து தாருங்கள் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிற ஆள் நீங்கள் என்றால் கட்டாயம் வாசியுங்கள். நானும் அப்படித்தான் வந்தேன். 21,800 ரூபா போனது.

எங்கள் தோட்டம் குப்பிழான் பக்கம். செம்மண், ஒரு கிணறு, நாலு பரப்பு வெங்காயம். ஆறு இல்லாத ஊர் இது. மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி நிற்பதைத்தான் கிணற்றால் எடுக்கிறோம். எங்கள் அப்பு காலத்தில் துலா மிதிக்க ஒருவர், பட்டை கவிழ்க்க ஒருவர், பாத்திக்குத் தண்ணீர் மாற ஒருவர் என்று மூன்று பேர் விடியமுன் எழும்ப வேண்டும். இப்போது அந்த வேலையை 15 கிலோ நிறையுள்ள ஹொண்டா ஜிஎக்ஸ்160 செய்கிறது. 163 சிசி, ஒரே ஒரு சிலிண்டர், அதன் விட்டம் 68 மில்லிமீற்றர். அந்தச் சின்னக் குழாய் தேய்ந்தால் எங்கள் வீட்டு வரவு செலவும் தேயும்.

தை கடைசியில் மிசின் நீலப் புகை கக்கத் தொடங்கியது. கறுப்பு என்றால் எரிபொருள் கூட, நீலம் என்றால் ஒயில் எரிகிறது என்ற அளவுக்கு எனக்கும் தெரியும். 0.6 லீற்றர் கொள்கிற எஞ்சின், இரண்டு இறைப்புக்குள் அரைவாசி ஒயிலைக் குடித்துவிட்டது. கயிற்றை இழுத்தால் கைக்குப் பாரமே தெரியவில்லை. வழக்கமாகப் பார்க்கும் ஊர் மெக்கானிக் அண்ணை மகளின் கலியாண வேலையில் நின்றார். அதனால் ரவுண் போகும் வழியில் புதிதாகத் திறந்த கராச் ஒன்றுக்குக் கொண்டு போனேன்.

நிலத்துக்கு மாபிள் பதித்த கராச். அதைப் பார்த்தே பாதி நம்பிவிட்டேன் என்று சொல்ல வேண்டும். முதலாளிப் பெடியன் மரியாதையானவன். "அண்ணை, சிலிண்டர் தேஞ்சுபோச்சு. போர் அடிச்சு 0.50 பிஸ்டன் போட்டால் புது மிசின் மாதிரி" என்றான். அவன் சொன்ன வைத்தியம் சரியானதுதான். தேய்ந்த சிலிண்டரை ஒரே வட்டமாகக் கடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டனும், பிஸ்டனைச் சுற்றி இருக்கும் ஓரிடத்தில் வெட்டுள்ள வளையமான றிங்கும் போடுவதுதான் றீபோர். 0.50 என்பது விட்டத்தில் அரை மில்லிமீற்றர் கூட.

இரண்டாம் நாளே போன் வந்தது, வேலை முடிந்ததாம். அங்கேயே நான் யோசித்திருக்க வேண்டும். அந்தக் கராச்சில் போர் அடிக்கிற மிசினே கிடையாது, லேத்துக்கு, அதாவது கடைசல் பட்டறைக்கு அனுப்பித்தான் செய்விக்க வேண்டும். எந்த லேத் என்று கேட்கவில்லை. பழைய பிஸ்டன் எங்கே என்று கேட்டேன். "பழைய இரும்புக்காரனுக்குப் போட்டாச்சு அண்ணை" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். றீபோர் 6,500, பிஸ்டன் செற் 7,800, வால்வு கிறைண்டிங் 2,500, கூலி 5,000. புத்தகக் கடையில் வாங்கும் வெறும் பில் புத்தகத்தில் எழுதிக் கிழித்துத் தந்தான். அந்தத் துண்டில் கராச்சின் பெயர் இல்லை, முத்திரை இல்லை, மூலையில் ஒரு கிறுக்கல் மட்டும்.

முதல் கிழமை மிசின் பூப்போல ஓடியது. காரணம் பிறகுதான் விளங்கியது. சாதாரணமாக விடுவதைவிடத் தடித்த ஒயிலை ஊற்றியிருந்தார்கள். தடித்த ஒயில் தேய்ந்த இடைவெளியைக் கொஞ்ச நாளைக்கு அடைத்து, புகையை மறைக்கும். பன்னிரண்டாம் நாள், வெங்காயம் தண்ணீர் கேட்டு நிற்கிற நேரம், பாதிப் பாத்திக்குப் பாய்ந்ததோடு உள்ளே "கிணுக்" என்று ஒரு சத்தம். பிறகு நீலப் புகை, பிறகு ஒன்றுமில்லை.

ஊர் அண்ணையிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது, சூப்பிப் போத்தலால் இரண்டு துளி பெற்றோலைக் கார்பரேற்றருக்குள் பீச்சி எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிட்ட தலைமுறை அது. உதிரிப்பாகம் வராத காலத்தில் உள்ளதை வைத்தே உயிர் கொடுத்தவர்கள். யாழ்ப்பாணத்தில் மெக்கானிக் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிற பழக்கம் அவர்களால் வந்தது. அந்தப் பழக்கத்தை இன்று வேறு சிலர் காசாக்குகிறார்கள்.

சிலிண்டரின் மேல் மூடியான ஹெட்டில் நாலே நாலு போல்ட். கழற்றி, பிஸ்டன் தலையை மண்ணெண்ணெய்ச் சீலையால் துடைத்தார். பெரிய பிஸ்டன் என்றால் தலையில் 0.50 என்று குத்தியிருக்கும். எவ்வளவு துடைத்தும் இலக்கம் வரவில்லை. கல்லுமாதிரிக் கரிதான் இருந்தது, பன்னிரண்டு நாள் ஓட்டத்தில் படிகிற கரி இல்லை அது. "தம்பி, விரலை உள்ள விடு" என்றார். சிலிண்டரின் மேல் விளிம்பை நோக்கி நகத்தை இழுத்தேன். ஓரிடத்தில் நகம் இடறியது. றிங் ஓடுகிற பகுதி தேய, அது எட்டாத மேல் பகுதி தேயாமல் நின்றதால் வந்த படி அது. உண்மையில் போர் அடித்திருந்தால் அந்தப் படி இருக்கவே முடியாது. புதிதாகப் போட்டது றிங் மட்டும்தான். புது றிங்கின் கூரான விளிம்பு அந்தப் படியில் போய் இடித்து, மேல் றிங் இரண்டாக முறிந்திருந்தது. நான் கேட்ட "கிணுக்" அதுதான்.

முறியாத இரண்டாவது றிங்கைத் தனியே சிலிண்டருக்குள் தள்ளி, அதன் வெட்டுவாய் இடைவெளியை, மெல்லிய தகடுகளால் இடைவெளி அளக்கிற பீலர் கேஜால் அளந்து காட்டினார். கடதாசி மூன்று நாலு தடிப்புக்குள் இருக்க வேண்டிய இடைவெளி ஒரு மில்லிமீற்றரைத் தாண்டி நின்றது. கணக்கு எளிது. விட்டம் 0.3 மில்லிமீற்றர் தேய்ந்தால் சுற்றளவு அதைப்போல 3.14 மடங்கு கூடும். றிங்கின் வாய் அந்தளவுக்கு விரியும். ஒயில் மேலே வர இதைவிட என்ன வாசல் வேண்டும்?

முறிந்த றிங்கோடு கராச்சுக்குப் போனேன். "மண்ணெண்ணெய் விட்டு ஓடினால் இப்பிடித்தான் வரும்" என்றான். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி ஒயிலை ஐதாக்கும், அதனால் நாங்கள் ஒயிலை அடிக்கடி மாற்றுகிறோம். ஆனால் மண்ணெண்ணெய் பிஸ்டனில் குத்திய இலக்கத்தை அழிக்குமா? அதற்குப் பதில் இல்லை. கொஞ்சம் பொறுத்து வேறு கதை வந்தது. "நீங்கள் வெளியில திறந்தபடியால் நாங்கள் பொறுப்பில்லை. உங்கட ஆளே மாத்திப் போட்டிருக்கலாம்." இது என் பிழை. கழற்றமுன் அவனையும் கூப்பிட்டிருக்க வேண்டும், குறைந்தது போனில் வீடியோவாவது எடுத்திருக்க வேண்டும். கடைசியில் 3,000 ரூபாவை மேசையில் வைத்தான். நான் எடுக்கவில்லை.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் பேசலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி நாங்கள் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுத் தர வேண்டும். நான் கேட்டு வாங்கியது பெயரில்லாத துண்டு. அதை வைத்துக்கொண்டு யார் மேல் முறைப்பாடு எழுதுவது?

இரண்டாம் முறை சிலிண்டரை நானே லேத்துக்குக் கொண்டு போய், கடைந்து முடியும்வரை பக்கத்தில் நின்றேன். உள்ளே கடைந்த பிறகு கல்லால் தேய்க்கிற ஹோனிங் கோடு குறுக்கு மறுக்காகத் தெரிந்தது, நகம் எங்கேயும் இடறவில்லை. ஹெட் மூடமுன் பிஸ்டன் தலையில் 0.50 என்று இருந்ததைப் படம் எடுத்தேன். பழைய பிஸ்டனையும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். அண்ணை கூலி வாங்கவில்லை, லேத்துக்கும் பிஸ்டனுக்கும் மட்டும் 14,000 முடிந்தது. தண்ணீர் பிந்திய பாத்திகளில் வெங்காயம் சுண்டங்காய் அளவில்தான் வந்தது.

கராச்சின் பெயரை ஏன் எழுதவில்லை என்று கேட்பீர்கள். முத்திரையில்லாத பில்லோடு பெயரை எழுதினால் வழக்கு என் மேல்தான் வரும். விடியக்காலையில் சுன்னாகம் சந்தைக்கு வருபவர்கள் கேட்டால் வாயால் சொல்கிறேன். முறிந்த றிங் சைக்கிள் பையில்தான் இருக்கிறது.