பத்திரிகை வடிவமைக்கிற கடைக்கு எந்த மானிட்டர்?

கொழிஞ்சாம்பாறையில் கல்யாணப் பத்திரிகையும் பேனரும் செய்கிற கடை எங்களுடையது. பாதி வேலை தமிழ், பாதி மலையாளம், சில பத்திரிகைகளில் இரண்டும். புது மானிட்டர் வாங்கலாம் என்று இருப்பதால், இதுவரை பார்த்ததையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யோசித்தேன்.

டியூப் மானிட்டரின் நிறத்தைப் பழைய டிசைனர்கள் இன்னும் புகழ்வார்கள். அது பொய்யில்லை. திரையில் பூசிய பாஸ்பரே ஒளிர்வதால் கறுப்பு கறுப்பாகவே இருக்கும், எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் நிறம் மாறாது. ஆனால் 60 ஹெர்ட்ஸில் மினுங்கி மினுங்கிக் கண் எரியும். கரண்ட் போனால் யூபிஎஸ்ஸைச் சீக்கிரம் குடித்துவிடும். கண்ணாடியில் ஈயமும் உண்டு. இப்போது யாராவது சும்மா தந்தாலும் வாங்க மாட்டேன்.

அதற்குப் பிறகு வந்த டிஎன் வகை எல்சிடி தட்டைத் திரைதான் எங்களுக்கு நஷ்டம் வைத்தது. ஒரு கல்யாண வீட்டார் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றபடி சிவப்பைப் பார்த்து, "சேட்டா, இன்னும் கொஞ்சம் அழுத்தமா வேணும்" என்றார்கள். டிஎன் திரையை மேலிருந்து பார்த்தால் நிறம் வெளிறும். உட்கார்ந்திருந்த எனக்குச் சரியாகத் தெரிந்தது, அவர்களுக்கு வெளிறித் தெரிந்தது. சொன்னபடி கூட்டினேன். அச்சில் அரக்குச் சிவப்பாக வந்து நின்றது. முன்னூறு பத்திரிகையும் திரும்ப அடித்தோம்.

ஐபிஎஸ் என்ற இன்னொரு வகை எல்சிடியில் இந்தத் தொல்லை இல்லை. 1996-இல் ஹிட்டாச்சி கொண்டுவந்த முறை இது. ஒளியைக் கூட்டிக் குறைக்கிற திரவப் படிகங்கள் திரைக்கு இணையாகவே, கடிகார முள் மாதிரி சுழல்வதால், நிற்பவருக்கும் உட்கார்ந்தவருக்கும் கிட்டத்தட்ட ஒரே நிறம். குறை கறுப்பில்தான்: கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளை கறுப்பைவிட எத்தனை மடங்கு வெளிச்சம் என்பது, சுமார் 1000:1, அதனால் இருட்டறையில் கறுப்பு சாம்பலாகத் தெரியும். விஏ என்ற மூன்றாவது எல்சிடி வகைப் பேனலில் அது சுமார் 3000:1 வரும், படம் பார்க்க அருமை. பக்கவாட்டில் பார்த்தால் நிறம் மாறுவதால் என் மேசைக்கு ஆகாது.

அப்புறம் ஓஎல்இடி. ஒவ்வொரு பிக்சலும், அதாவது திரையின் ஒவ்வொரு புள்ளியும், தானே ஒளிர்வதால் டியூபின் அந்த ஆழமான கறுப்பு திரும்பி வந்திருக்கிறது, இன்னும் மேலாகவே. கடையில் பார்த்தபோது மனசு அங்கேயே போய்விட்டது. ஆனால் என் திரையில் போட்டோஷாப் டூல்பார் தினமும் பத்து மணி நேரம் ஒரே இடத்தில் நிற்கும். அது தழும்பாகப் பதிந்துவிடும் அபாயம் இதில் உண்டு. பல ஓஎல்இடி மானிட்டர்களில் துணைப்பிக்சல் அடுக்கும் (பிக்சலுக்குள் நிறப் புள்ளிகள் நிற்கும் வரிசை) வேறு மாதிரி என்பதால், எழுத்தின் ஓரத்தில் மெல்லிய நிறக்கசிவு தெரியும். நாள் முழுக்க ண-வின் சுழியையும் ണ്ണ-வின் வளைவையும் பார்த்துச் சரிசெய்கிறவனுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பேனலைவிட பிக்சல் அடர்த்தியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். 27 அங்குலத்தில் 1080பி (1920×1080 பிக்சல்) எடுத்தால் அங்குலத்துக்கு 82 பிக்சல்தான். சின்ன எழுத்தில் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதே அளவில் 1440பி (2560×1440) என்றால் 109, ஃபோர்கே (3840×2160) என்றால் 163. என் கணக்கில் 27 அங்குல 1440பி ஐபிஎஸ் போதும். கையில் காசு இருந்தால் ஃபோர்கே.

கோயம்புத்தூரில் போய் வாங்கும்போது, பழைய பத்திரிகை ஒன்றின் பிடிஎஃப்பைப் பென்டிரைவில் கொண்டுபோகப் போகிறேன். அச்சடித்த பிரதியும் பையில் இருக்கும். முதலில் உட்கார்ந்து பார்ப்பேன், பிறகு எழுந்து நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்ப்பேன்.