பொள்ளாச்சி ரோடு டயர் கடை: தேதியைக் காட்டிவிட்டுத்தான் மாட்டுகிறார்கள்

கோவை பொள்ளாச்சி ரோட்டில் இருக்கும் இந்தக் கடைக்கு 5க்கு 4 தாராளமாகக் கொடுக்கலாம்.

வண்டி 2016 ஸ்விஃப்ட், மாமனார் வைத்திருந்தது. பேங்க், மார்க்கெட், மருதமலை, அவ்வளவுதான் அவர் ஓட்டம். மீட்டரில் 31,000 கிலோமீட்டர்தான் ஆகியிருக்கிறது. டயரில் பட்டன், அதாவது ரோட்டில் படும் மேடுபள்ளம், நன்றாகவே இருந்தது. முதலில் வேறொரு கடையில் காட்டினோம். "இன்னும் ரெண்டு வருஷம் தாராளமா ஓடும் மேடம்" என்று அனுப்பிவிட்டார்கள். இங்கே இருந்த பெரியவர் பட்டனைக் கண்டுகொள்ளவே இல்லை. ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கி, டயரின் உள்பக்கம் டார்ச் அடித்து 1116 என்ற எண்ணைக் காட்டினார். 2016ஆம் வருஷத்தின் 11ஆவது வாரம் தயாரானது என்று அர்த்தம். பல டயர்களில் இந்தத் தேதி ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும். அது உள்ளே திரும்பி மாட்டியிருந்தால் வெளியே நின்று எவ்வளவு தேடினாலும் கிடைக்காது.

அப்புறம் டயரின் பக்கவாட்டை விரலால் அழுத்திக் காட்டினார். நூல் நூலாக வெடிப்பு. ரப்பர் வெடிக்காமல் இருக்க அதில் மெழுகு கலந்திருப்பார்களாம். டயர் ஓடி நெளியும்போதுதான் அது மேலே வந்து படியுமாம். சும்மா நிற்கிற வண்டிக்கு அந்தக் காப்பும் குறைவு. வெளியே வெடிப்பே தெரியாத டயரிலும், உள்ளே கம்பிப் பின்னலைப் பிடித்திருக்கும் ரப்பர் வறண்டிருக்கலாம். நல்ல வெயிலில், காற்றும் குறைவாக, 100ல் போகும்போது பட்டன் பகுதி மொத்தமாக உரிந்து வர அதுவே போதும்.

பல கார் கம்பெனிகள் 6 வருஷத்தில் மாற்றச் சொல்கின்றன. மிஷெலின் கம்பெனி 5 வருஷத்துக்குப் பிறகு ஆண்டுக்கு ஒரு முறையாவது சோதிக்கச் சொல்கிறது. 10 வருஷம் ஆகிவிட்டால் பார்க்க எப்படி இருந்தாலும் கழற்றிவிடச் சொல்கிறது. நம் ஊர் வெயிலுக்கு நான் 6 என்றே வைத்துக்கொள்வேன்.

165/80 ஆர்14 85டி, பழைய அளவே கேட்டேன். ஒன்று 4,800 ரூபாய், பில்லோடு. ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதம் ஆனது நல்லதாகப் போயிற்று. டயர்களை ரிம்மில் ஏற்றுவதற்கு முன்னால் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றிலும் தேதியைக் காட்டினார்கள். இதற்குத்தான் இந்தக் கடைக்கு முழு மதிப்பெண். நான்கு புதுசு, ஒன்று மட்டும் ஒன்றரை வருஷம் பழசு. "கோடவுன்ல நிழல்லதான் இருந்துச்சு, ஒண்ணும் ஆகாது" என்றார் முதலாளி. நிழலில், சூடில்லாமல் வைத்திருந்தால் பெரிதாகக் கெடாது என்பது சரிதான். ஆனால் அந்தக் கோடவுனுக்குத் தகரக் கூரை. வேண்டாம் என்றேன். முகம் சுளிக்காமல் மறுநாள் காலையில் வேறு வரவழைத்துக் கொடுத்தார்.

ஐந்தாவது ஸ்டெப்னிக்கு. "அது தரையிலேயே படலையே மேடம்" என்று கடைப் பையன் சிரித்தான். படாவிட்டால் என்ன, அதற்கும் அதே வயசுதானே? ராத்திரி பல்லடம் தாண்டி பஞ்சர் ஆனால் அதை நம்பித்தானே வீடு வந்து சேர வேண்டும்.

பழைய டயருக்குத் தலா 300 ரூபாய் தருவதாகச் சொன்னார்கள். வாங்கிக்கொண்டேன், ஆனால் என் கண் முன்னாலேயே பக்கவாட்டைக் கிழித்துப் போடச் சொல்லிவிட்டு. பட்டன் நன்றாக இருக்கும் டயர் அப்படியே போனால் செகண்ட்ஸ் என்று யாராவது ஒரு டாக்ஸிக்காரர் தலையில் கட்டப்படும். முதலாளிக்கு இதில் அவ்வளவு விருப்பமில்லை, இருந்தும் செய்தார்.

ஒரு மார்க் குறைத்தது நைட்ரஜனுக்காக. டயரில் காற்றுக்குப் பதில் அதை அடிக்கட்டுமா என்று, வேண்டாம் என்ற பிறகும் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான் இருக்கிறது! எல்லா வண்டிக்கும் ஒரே மாதிரி 35 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்று அடிக்கும் பழக்கமும் இங்கே உண்டு. டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைக் காட்டி அந்த அளவு வைக்கச் சொல்லுங்கள்.

அலைன்மென்ட், பேலன்சிங் சுத்தமான வேலை, ஸ்டியரிங் இழுக்கவில்லை. உட்கார இடம் கிடையாது. பெரியவர் ஞாயிற்றுக்கிழமை வருவதில்லையாம், மற்ற நாளில் போங்கள்.