டாக்கோவா, டோர்ட்டாவா: தெருமுனை மெக்சிகன் கடையில் எதைக் கேட்பது?

சிகாகோவின் பில்சன், லாஸ் ஏஞ்சலஸின் பாயில் ஹைட்ஸ் போல மெக்சிகர்கள் நிறைந்து வாழும் பகுதிகளில் ஒரு சின்னக் கடைக்குள் நுழைந்தால், கல்லாவுக்கு மேலே இருக்கும் பலகையில் இறைச்சிகளின் பட்டியல் ஒன்று தெரியும். அசாடா (தீயில் சுட்ட மாடு), அல் பாஸ்டோர் (கம்பியில் சுட்ட பன்றி), கார்னிடாஸ் (கொழுப்பில் மெல்ல வெந்த பன்றி), லெங்குவா (மாட்டு நாக்கு), பொயோ (கோழி). இவற்றில் எதையும் டாக்கோவாகவும் வாங்கலாம், டோர்ட்டாவாகவும் வாங்கலாம். மக்காச்சோள மாவில் சுட்ட மெல்லிய தட்டை ரொட்டியான டோர்ட்டியாவில் வைத்துத் தந்தால் டாக்கோ. கோதுமை ரொட்டியைப் பிளந்து உள்ளே வைத்துத் தந்தால் டோர்ட்டா, அதாவது மெக்சிகோவின் சாண்ட்விச். டாக்கோ ஒன்று 3, 4 டாலர் இருக்கும். டோர்ட்டா 10 டாலரைத் தாண்டும். மூன்று டாக்கோவுக்கும் ஒரு டோர்ட்டாவுக்கும் ஏறக்குறைய ஒரே விலை, வயிறும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு நிறையும். ஆக, போட்டி சரிசமமானதுதான்.

ஆனாலும் நம்மவர்களில் பெரும்பாலோர் பலகையைப் படித்து முடிக்கும் முன்பே டாக்கோ என்று சொல்லிவிடுகிறார்கள். சில இறைச்சிகளுக்கு அது சரி. வேறு சிலவற்றுக்கு அது நல்ல சாப்பாட்டைக் கைநழுவ விடுவது.

டாக்கோவின் உயிர் டோர்ட்டியாவில் இருக்கிறது. முறையாகச் செய்தால் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, தோலைக் கழுவி, ஈரமாகவே அரைத்து மாவாக்க வேண்டும். சுண்ணாம்பு சேர்வதால்தான் மாவு உருண்டு ஒட்டுகிறது, அந்தத் தனி மணமும் வருகிறது, சோளத்திலுள்ள நயாசின் சத்தும் உடம்பில் சேர்கிறது. ஐரோப்பாவில் இந்த முறை தெரியாமல் மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகள் நயாசின் குறைவால் வரும் பெலாக்ரா நோயில் விழுந்தார்கள். மெக்சிகோவில் அந்தச் சிக்கல் எழவில்லை. இத்தனை வேலையையும் ஒரு தெருமுனைக் கடை தானே செய்வது அரிது. பல கடைகள் பாக்கெட் மாவில் சுடும், இல்லையென்றால் அருகிலுள்ள டோர்ட்டியா ஆலையிலிருந்து வாங்கும். சிகாகோவில் 1950இல் தொடங்கிய எல் மிலாக்ரோ அப்படி ஒரு ஆலை. ஆலை டோர்ட்டியாவும் அன்றைக்கு வந்ததாக இருந்து, கல்லில் நன்றாகச் சூடேறியிருந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சின்ன டாக்கோவுக்கு இரண்டு டோர்ட்டியாவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தருவார்கள். மெல்லியதாக இருப்பதால் சாறு பட்டால் ஒன்று கிழிந்துவிடும், மற்றது தாங்கும். இறைச்சியைத் தாராளமாக வைத்திருந்தால் பிரித்து இரண்டு டாக்கோவாகவும் ஆக்கிக்கொள்ளலாம். மேலே பொடியாக நறுக்கிய வெங்காயமும் கொத்தமல்லியும் மட்டும்தான். மற்றதெல்லாம் உண்பவர் பாடு. பச்சை சால்சா, சிவப்பு சால்சா என்ற காரச் சட்னிகள், எலுமிச்சைத் துண்டு, முள்ளங்கி, ஊறவைத்த ஹலபேன்யோ மிளகாய் எல்லாம் தனியே இருக்கும். முதல் டாக்கோவுக்குப் பச்சை, இரண்டாவதுக்குச் சிவப்பு, மூன்றாவதுக்கு எலுமிச்சை மட்டும் என்று ஒரே இறைச்சியை மூன்று விதமாகச் சாப்பிடலாம். டோர்ட்டாவில் இந்த வசதி கிடையாது.

இறைச்சியும் டோர்ட்டியாவும் மட்டுமே எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மெக்சிகோ சிட்டியின் சான் ரஃபேல் பகுதியிலுள்ள எல் கலீஃபா டி லியோன் சாட்சி. 1968இல் தொடங்கிய, நாலு பேர் நின்றால் நெருக்கடியாகிவிடும் கடை அது. 2024இல், உணவகங்களைத் தரம்பிரிக்கும் மிஷலின் வழிகாட்டியின் நட்சத்திரம் பெற்றது. அங்கே பேர்போனது காவோனேரா: மெல்லியதாகத் தட்டிய மாட்டிறைச்சித் துண்டு, உப்பு, எலுமிச்சைச் சாறு, அப்போதே சுட்ட டோர்ட்டியா. வேண்டுமானால் சால்சா. வேறெதையும் சேர்ப்பதில்லை.

அல் பாஸ்டோரும் இந்த வரிசையில்தான் நிற்கிறது. லெபனான் பக்கமிருந்து குடியேறியவர்கள் செங்குத்துக் கம்பியில் இறைச்சியைச் சுற்றவிட்டுச் சுடும் வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். பியூப்லா நகரில் அது மெல்லிய கோதுமை ரொட்டியில் சுருட்டும் டாக்கோ ஆராபே ஆனது. பின்னர் ஆட்டிறைச்சி போய்ப் பன்றி வந்தது, காய்ந்த மிளகாயும் அச்சியோட்டே விதையும் பூசிய சிவப்பு நிறம் வந்தது, மேலே அன்னாசி ஏறியது, ரொட்டி போய் டோர்ட்டியா வந்தது. கம்பியின் வெளிப்புறம் மொறுமொறுப்பாகக் கருகும் அந்த ஓரத்தை மட்டும் கத்தியால் மெல்லிசாகச் சீவி டோர்ட்டியாவில் விழச் செய்வதில்தான் முழு ருசியும் இருக்கிறது. அதை ரொட்டிக்குள் திணித்து, மேலே மயோனைஸும் பீன்ஸும் பூசினால் அந்த ஓரம் நமத்துப்போய்விடும். அல் பாஸ்டோர் டோர்ட்டாவை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. கடைக்குள் நுழைந்ததும் அந்தக் கம்பி, அவர்கள் ட்ரோம்போ என்பது, கண்ணில் படுகிறதா என்று பாருங்கள். மெக்சிகோவுக்கு வெளியே பல கடைகளில் அது இருக்காது. மசாலாவில் ஊறிய பன்றித் துண்டுகளை இரும்புக்கல்லில் வதக்கி அல் பாஸ்டோர் என்றே விற்பார்கள். சாப்பிடலாம், தப்பில்லை. ஆனால் அதற்காகவே டாக்கோ கேட்கும் காரணம் அங்கே போய்விடுகிறது.

இனி டோர்ட்டா. கோதுமை ஸ்பானியர்களோடு 16ஆம் நூற்றாண்டில் வந்தது. ரொட்டிக்குள் வைத்து விற்கும் பழக்கம் மெக்சிகோ சிட்டியில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கடைத்தொழிலாக வேரூன்றியது. டோர்ட்டாஸ் அர்மாண்டோ என்ற கடை தன் தொடக்கத்தை 1892 என்று சொல்லிக்கொள்கிறது. வழக்கமான ரொட்டி டெலேரா. தட்டையானது, மேலே இரண்டு பள்ளங்கள், மேலோடு மெல்லியது, உள்ளே பஞ்சு.

ஒரு நல்ல கை டோர்ட்டா செய்வதைக் கல்லாவில் நின்றபடியே பார்க்கலாம். ரொட்டியைப் பிளந்து, உள்ளிருக்கும் பஞ்சைக் கொஞ்சம் பிய்த்து எடுத்துவிடுவார்கள். இல்லாவிட்டால் ரொட்டிதான் வாய் முழுக்க இருக்கும். வெட்டிய முகங்களைக் கல்லில் கவிழ்த்துப் பொன்னிறமாக வாட்டுவார்கள். கீழ்ப்பாதியில் மசித்து வதக்கிய பீன்ஸ். இது ருசிக்கு மட்டும் அல்ல, இறைச்சிச் சாறு ரொட்டிக்குள் இறங்காமல் தடுக்கும் பூச்சும் இதுதான். மேல்பாதியில் மயோனைஸ் அல்லது க்ரேமா என்ற புளித்த பாலாடை, மசித்த அவகாடோ. அதற்குள் கல்லில் இறைச்சியின் மீது சீஸ் உருகிக்கொண்டிருக்கும். தக்காளி, வெங்காயம், வினிகரில் ஊறிய ஹலபேன்யோ. மூடி, உள்ளங்கையால் ஒரு அழுத்து, குறுக்கே ஒரு வெட்டு. காரம், புளிப்பு, கொழுப்பு மூன்றையும் எவ்வளவு சேர்ப்பது என்று செய்பவரே தீர்மானித்துவிடுகிறார். அதனால் நல்ல கையில் டோர்ட்டா டாக்கோவைவிட நிறைவானது. அவசரக் கையில் வெறும் ரொட்டி மூட்டை.

எந்த இறைச்சிக்கு இது பொருந்தும்? தனியே நின்றால் சாதுவாக இருக்கும் எதற்கும். மிலனேசா இதில் முதலிடம்: தட்டி, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த மாட்டிறைச்சியோ கோழியோ. டோர்ட்டியாவில் வைத்தால் விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டு உலர்ந்து கிடக்கும். டெலேராவுக்குள் அவகாடோவோடு சேரும்போதுதான் அதன் மொறுமொறுப்புக்கு மதிப்பு. கோழியைத் தக்காளி, சிபோட்லே மிளகாயில் வேகவைத்து நார்நாராகப் பிரித்த டிங்காவும், சோரிசோ என்ற மசாலாத் தொத்திறைச்சியோடு கிளறிய முட்டையும் இங்கே சேரும். கார்னிடாஸ் இரண்டிலும் நன்றாக இருக்கும். லெங்குவா டாக்கோவுக்கே. நன்றாக வெந்த அந்த மிருதுவுக்குப் பச்சை சால்சா போதும். டோர்ட்டா குபானா என்று பலகையில் இருந்தால் இருக்கிற இறைச்சி எல்லாவற்றையும் ஒரே ரொட்டியில் அடைத்தது என்று அர்த்தம். பெரும்பசிக்கு ஆகும், ருசிக்காக நான் கேட்பதில்லை.

கடை நடத்துபவர்கள் பியூப்லாக்காரர்கள் என்றால் போட்டியே முடிந்தது, செமிடா கேளுங்கள். எள் தூவிய உருண்டை ரொட்டி, மிலனேசா, கை நிறைய இழை சீஸ், அவகாடோ, சிபோட்லே, அதோடு பாப்பலோ என்ற காட்டமான கீரை. பாப்பலோவை விடாமல் போடச் சொல்லுங்கள். மெக்சிகோவின் குவாதலஹாரா நகரத்துக்காரர்கள் கடையில் டோர்ட்டா அஹோகாடா கிடைக்கும். கார்னிடாஸ் வைத்த ரொட்டியைத் தக்காளி சாற்றில் மூழ்கடித்து, சிலே டி ஆர்போல் மிளகாய்க் காரச் சாற்றை மேலே ஊற்றித் தருவார்கள். அதற்குப் பிரோட்டே என்ற தடித்த ஓடுள்ள புளித்த ரொட்டிதான் வேண்டும். டெலேரா என்றால் ஐந்து நிமிடத்தில் கூழாகிவிடும்.

இந்தியானா மாநிலத்தின் ஃபோர்ட் வேன் நகரில், சாண்ட்விச் கடைக்கு மட்டும் அனுமதி இருந்த ஒரு வணிக வளாகத்தில் டாக்கோ கடை வரலாமா என்று வழக்கு நடந்தது. டாக்கோவும், கோதுமை டோர்ட்டியாவில் சுருட்டித் தரும் புரிட்டோவும் மெக்சிகன் பாணி சாண்ட்விச்சுகளே என்று 2024 மே மாதம் நீதிபதி தீர்ப்பளித்தார். இந்திய நான் ரொட்டியில் சுருட்டித் தருவதற்கும் அந்த அனுமதி பொருந்தும் என்றார். கடைக்கு வழி கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சி. தட்டில் இரண்டும் வேறு என்பதை அந்தத் தீர்ப்பு மாற்றப்போவதில்லை.

எங்கே உட்கார்ந்து சாப்பிடப்போகிறீர்கள் என்பதும் முக்கியம். டாக்கோ தோசை மாதிரி, கல்லிலிருந்து இறங்கிய சூட்டிலேயே உள்ளே போய்விட வேண்டும். அலுமினியத் தாளில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனால் ஆவியில் வியர்த்து, பிரிக்கும்போது டோர்ட்டியா பிய்ந்து வரும். டோர்ட்டா அரை மணி தாங்கும். எனவே பார்சல் என்றால், அல் பாஸ்டோர் தவிர எந்த இறைச்சியானாலும் டோர்ட்டா. கடையிலேயே என்றால் இறைச்சியைப் பார்த்து.

சைவர்களுக்கும், மாடு அல்லது பன்றி உண்ணாதவர்களுக்கும் ஒரு கணக்கு தனியே இருக்கிறது. அசாடா, சுவாடேரோ, லெங்குவா பெரும்பாலும் மாடு. அல் பாஸ்டோர், கார்னிடாஸ் பன்றி. பொயோ கோழி. டோர்ட்டாவில் பூசும் பீன்ஸ் பல கடைகளில் மாண்டேகா என்ற பன்றிக் கொழுப்பில் வதக்கியது. தக்காளி சேர்த்த சிவப்புச் சோறு கோழிச் சாற்றில் வெந்திருக்கலாம். "சின் கார்னே" (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் ஹாம் துண்டு வந்து சேரவும் கூடும், சிலருக்கு அது இறைச்சிக் கணக்கில் வராது. "பீன்ஸில் மாண்டேகா இருக்கிறதா?" என்று நேராகக் கேட்டுவிடுவதே நல்லது. சங்கடமில்லை, தினமும் கேட்கப்படும் கேள்விதான். இந்த வகையில் டாக்கோவே பாதுகாப்பு, உள்ளே இருப்பது எல்லாம் கண்ணுக்குத் தெரியும். நோபாலெஸ் என்ற கள்ளிமடல் வதக்கல், ராஹாஸ் என்ற சுட்ட பொப்லானோ மிளகாய்க் கீற்று சீஸோடு, காளான் மூன்றில் ஒன்று அநேகமாக இருக்கும். ராஹாஸ் இருந்தால் அதையே முதலில் கேளுங்கள்.

குடிக்க ஹமாய்க்கா. அது நம் புளிச்சை இனத்துச் செம்பூவின் சாறு, கார்னிடாஸின் கொழுப்பைத் துடைத்து எடுக்கும். இருவராகப் போனால் ஒரு மிலனேசா டோர்ட்டாவைப் பாதியாக வெட்டித் தரச் சொல்லி, கூடவே ஆளுக்கு ஒரு டாக்கோ சொல்லுங்கள். டாக்கோவை முதலில் முடித்துவிடுங்கள், டோர்ட்டா காத்திருக்கும்.