மூச்சுவிடும் சாமானோடு மண்ணெண்ணெய் கேனை ஏற்றும் லோடு வண்டிகள்: விழிஞ்ஞம், களியக்காவிளை பக்கம் கவனம்

விழிஞ்ஞம், பூவாறு, கொல்லங்கோடு பக்கம் டைவிங் வேலை பார்க்கிறவர்கள், சாமானை வாடகை பிக்கப்பில் ஏற்றிவிடும் முன் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் லோடு பிடித்துக் கொடுக்கும் ஒருவர் எங்களுக்குச் செய்த வேலை இது. விவகாரம் முடியாததால் பெயர் போடவில்லை.

தூத்துக்குடியில், தண்ணீருக்குள் இறங்கிப் படகின் அடிப்பகுதியில் செய்யும் வேலை ஒன்று வந்தது. சாமான் எல்லாம் விழிஞ்ஞத்தில் இருந்தது. எங்கள் வண்டி எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) நின்றதால் வாடகைக்குக் கேட்டோம். தனி லோடு, வேறு சரக்கு ஏற்றக் கூடாது, மேலே தார்ப்பாய் வேண்டும் என்று போனிலேயே சொல்லிவிட்டேன். "அண்ணா, துறைமுக வேலைக்கு வந்த டைவர்களுக்கே எத்தனை லோடு அடிச்சிருக்கேன், என்கிட்ட விடுங்க" என்றார். 'தனி லோடு' என்று வாட்ஸாப்பில் எழுதியும் அனுப்பினார். அதற்காகவே வாடகையும் கூடுதல்.

ஏற்றும்போது நானும் தம்பியும் கூடவே நின்றோம். மூச்சுக்காற்று அடைத்த சிலிண்டர்களைப் படுக்க வைத்து, உருளாமல் இரண்டு பக்கமும் கட்டை அடித்து, பெல்ட் போட்டு இறுக்கினோம். எங்களுடையது 11 லிட்டர் அலுமினிய சிலிண்டர். காலியாகவே ஒவ்வொன்றும் 14 கிலோ இருக்கும், உள்ளே 200 பார் அழுத்தம், அதாவது வெளிக்காற்றைப் போல ஏறத்தாழ 200 மடங்கு. பிரேக் போட்டால் முன்னால் பாய்ந்து கேபினில் மோதும். சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து வாய்க்குத் தரும் ரெகுலேட்டர்களுக்கு டஸ்ட் கேப் மாட்டி, மூடியுள்ள பிளாஸ்டிக் கிரேட்டில் தனியாக வைத்தோம். தண்ணீருக்குள் போடும் நுரை ரப்பர் உடையான வெட்சூட்டை மடித்தால் மடிப்பிலேயே நுரை செத்துவிடும் என்பதால் சுருட்டி மேலே வைத்தோம். அப்புறம் பஸ் ஏறினோம்.

தூத்துக்குடியில் தார்ப்பாயைத் தூக்கியதும் மண்ணெண்ணெய் வாடை முகத்தில் அடித்தது. சிலிண்டர் கிடந்த இடத்தில் படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு எஞ்சின் ஒன்று படுத்திருந்தது. பக்கத்தில் ஒரு கேன். அதற்கு மூடி கூட இல்லை, வாயில் துணியைச் சுருட்டித் திணித்திருந்தார்கள். ரெகுலேட்டர் கிரேட்டின் மூடி திறந்து கிடந்தது. ஹோஸெல்லாம் வழவழ என்று இருந்தன. ஒரு மவுத்பீஸைக் கையில் எடுத்துக் கவிழ்த்தேன். உள்ளேயிருந்து மஞ்சளாக இரண்டு சொட்டு விழுந்தது. வாயில் கடித்துக்கொண்டு கடலுக்குள் போக வேண்டிய பொருள்.

ஓட்டி வந்தவன் சின்னப் பையன். அதட்டாமல் கேட்டேன், எல்லாவற்றையும் சொன்னான். "போற வழியில ஒரு எஞ்சின் இருக்கு, ஏத்திக்கன்னு முதலாளி சொன்னாரு அண்ணா." மெயின் ரோட்டை விட்டு நித்திரவிளை பக்கம் கடற்கரை ஊர் ஒன்றுக்குள் போய் ஏற்றியிருக்கிறான். இடம் போதவில்லை என்று எங்கள் கட்டைகளைப் பிடுங்கி, பெல்ட்டைக் கழற்றி எஞ்சினைக் கட்டியிருக்கிறான். சிலிண்டர்கள் தூத்துக்குடி வரை உருண்டே வந்திருக்கின்றன. ஒரு வால்வின் குமிழ் வளைந்திருந்தது. இது போதாதென்று, வழியில் டீக்கடையில் யாரோ "வெயில்ல வெடிச்சிரும்லே மக்கா" என்று பயமுறுத்த, எல்லா வால்வையும் திறந்து காற்றை விட்டிருக்கிறான். திறந்தது திறந்தபடியே.

வெயிலில் அழுத்தம் ஏறும், உண்மைதான். 30 டிகிரியில் 200 பார் இருந்தால் 60 டிகிரியில் 220 பார் அளவுக்குப் போகும். நல்ல நிலையில் உள்ள, அழுத்தச் சோதனை காலாவதியாகாத சிலிண்டருக்கு அது வெடிக்கிற அளவு இல்லை. நிழலும் காற்றோட்டமும் இருந்தாலே போதும். ஆனால் முழுக்கக் காலியாக்கி வால்வைத் திறந்து வைத்தால் ஈரக்காற்று உள்ளே போகும், அரிக்கத் தொடங்கும். எங்களுடையதில் மண்ணெண்ணெய் ஆவியும் சேர்ந்திருக்கும். அதனால்தான் காலி சிலிண்டரில்கூட கொஞ்சம் காற்றை விட்டு வைக்கிறோம். இனி வால்வைக் கழற்றி உள்ளே பார்த்துச் சுத்தம் செய்யாமல் அதில் ஒரு பார் கூட நிரப்ப முடியாது. ஆக்சிஜன் கூட்டிய நைட்ராக்ஸ் நிரப்புகிறவர்களுக்கு இது இன்னும் மோசம். எண்ணெய்ப் பிசுக்கும் அழுத்தத்தில் வரும் ஆக்சிஜனும் சேர்ந்தால் தீப்பிடிக்கும்.

போன் போட்டால் முதலாளி, அதாவது லோடு பேசிய அதே ஆள், சிரிக்கிறார். "சோப்புத்தூள் போட்டு ஒரு அலசு அலசினா வாடை போயிரும் அண்ணா, நீங்க சும்மா பெருசு பண்ணாதீங்க." வாடை இல்லை ஐயா பிரச்சினை. ரெகுலேட்டரில் வாயில் வைக்கும் பகுதியான செகண்ட் ஸ்டேஜுக்குள் இருக்கும் சிலிக்கான் டயஃப்ரம் (மெல்லிய சவ்வு) மண்ணெண்ணெய் பட்டால் ஊதிவிடும், கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் சில ரகமும் அப்படித்தான். ஊதிய டயஃப்ரம் எப்போது தண்ணீர் விடும் என்று யாருக்கும் தெரியாது. நுரையீரலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் போனாலே ஆஸ்பத்திரிதான். அதையே தண்ணீருக்கடியில் இருமிக்கொண்டே யோசித்துப் பாருங்கள். குளச்சல், விழிஞ்ஞம் பக்கம் மூச்சடக்கிக் குதித்துச் சிப்பி எடுக்கிறவர்களுக்கு இந்தத் தொல்லையே கிடையாது, கொடுத்துவைத்தவர்கள்.

வேலை கைவிட்டுப் போனது. ரெகுலேட்டர்கள் முழு சர்வீஸுக்குப் போயிருக்கின்றன. ஹோஸ்களைத் தூக்கிப் போட்டாயிற்று. வெட்சூட்டில் பசை ஒட்டிய தையலெல்லாம் விடத் தொடங்கியிருக்கிறது. பாதி வாடகையைத் திருப்பித் தருகிறேன் என்று ஒரு சமாதானம் வந்தது. வாங்கவில்லை.

இவர் மீறியது எங்களுக்குக் கொடுத்த வாக்கை மட்டுமல்ல. 2016-ஆம் ஆண்டின் கேஸ் சிலிண்டர் விதிகளில் தெளிவாகவே இருக்கிறது: அழுத்தமேற்றிய சிலிண்டர்களை எளிதில் தீப்பிடிக்கும் பொருளோடு ஒரே வண்டியில் ஏற்றக் கூடாது, ஒன்றோடொன்று மோதாமல், விழாமல் கட்ட வேண்டும். லோடு பேசும்போதே இதைச் சொல்லுங்கள். ஏற்றி முடித்ததும் வண்டி எண்ணோடு சேர்த்துப் போட்டோ எடுங்கள். எங்களிடம் அந்தப் போட்டோ இருந்ததால்தான் ஏற்றும்போது கட்டை இருந்ததற்கும் எஞ்சின் இல்லாததற்கும் சாட்சி நிற்கிறது. முடிந்தால் ஒருவர் வண்டியிலேயே போங்கள். ரெகுலேட்டரையும், ஆழமும் நேரமும் காட்டும் டைவ் கம்ப்யூட்டரையும் எந்த வண்டிக்காரரை நம்பியும் பின்னால் போடாதீர்கள். மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகலாம், கனம் ஒன்றும் இல்லை.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: சாலை வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 2007-இன்படி, லோடு புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் வழக்கு. நுகர்வோர் புகாருக்கு 2 ஆண்டு அவகாசம். வண்டிக்காரர் கேரளத்தில் இருக்கிறார் என்று நெய்யாற்றின்கரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் அலைய வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம். குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு நாகர்கோவில்தான். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் பதிந்து வையுங்கள்.

எங்கள் நோட்டீஸ் தபாலில் போய்ச் சேர்ந்து, வாங்கியதற்கான கையெழுத்தும் வந்துவிட்டது. அதே ஆள் இப்போதும் டைவிங் லோடு எடுக்கிறார் என்று கேள்வி. இந்தப் பக்கம் வண்டி பேசப் போகிறவர்கள், 'தனி லோடு' என்று சொன்னதும் உடனே சரி என்கிற ஆளிடம் வழியில் எங்கெங்கே நிறுத்துவீர்கள் என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.